நூற்பகுப்பும் உலக நோக்கும்

நூலகத் தட்டுக்களில் நூல்கள் நிற்கும் ஒழுங்கை நாம் இயல்பானதொன்றாகவே கொண்டு பழகிவிட்டோம். தமிழிலக்கிய நூலொன்றின் முதுகில் 894.811 என்னும் எண் ஒட்டப்பட்டிருப்பின், அஃது ஏன் அவ்வாறாயிற்று என நாம் வினவுவதில்லை. அவ்வெண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டு நூலகங்கள் பலவற்றில் எண் தட்டுக்கே இடப்பட்டது, நூலுக்கன்று. நூலின் பருமனையோ அது வந்துசேர்ந்த வரிசையையோ கொண்டு அதற்கு இடம் குறிக்கப்பட்டது. வாசகர் தட்டருகே செல்லாது, நூலகரிடம் கேட்டுப் பெற்றவரையில் இதனாற் பெருந்தொல்லை விளையவில்லை. அமெரிக்காவிலே அம்ஹேர்ஸ்ற் கல்லூரி நூலகத்திற் பணியாற்றிய மெல்வில் டூயி 1876ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூல் இந்நிலையை மாற்றிற்று. எண் நூலின் பொருளுக்கு உரியதாயிற்று. அறிவுலகு முழுவதும் பத்து வகுப்புக்களாகவும், அவை ஒவ்வொன்றும் மீண்டும் பத்தாகவும் பிரிக்கப்பட்டன. தசமப் புள்ளியின் பின் எத்தனை இலக்கமும் சேர்க்கலாமாதலின் புதிய நூல்களுக்கும் இடமிருந்தது. இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயின் எதற்கு எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானித்தது கணிதமன்று. சமயத்துக்குரிய 200களில், 220 தொடக்கம் 280 வரையான ஏழு பிரிவுகளும் விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்குமே ஒதுக்கப்பட்டன. ஏனைய சமயங்கள் யாவும் 290 என்னும் ஒரே பிரிவினுள் நெருக்குண்டன: பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. இலக்கியத்திலும் இதே கதைதான். ஆங்கிலம், ஜேர்மன், பிரெஞ்சு முதலியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு; சங்கச் செய்யுளும் ருஷ்ய நாவலும் சீனக் கவிதையும் 'ஏனையவை' எனப்பட்ட 890இல் ஒண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. டூயி தம் கல்லூரித் தட்டிலிருந்த நூல்களையே மனங்கொண்டார் என்று சிலர் சமாதானங் கூறுவர். அது மெய்யே. அந்தத் தட்டு உலகனைத்துக்கும் அளவுகோலானதையே நாம் ஆராய வேண்டும்.

இதன் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்றுண்டு. கறுப்பின மாணவருக்கென எழுந்த ஹொவார்ட் பல்கலைக்கழகத்தில் 1930ஆம் ஆண்டு தொடக்கம் நூலகராக உழைத்தவர் டொரொதி போர்ட்டர் அம்மையார். கறுப்பினக் கவிஞர் ஒருவரின் கவிதை நூலைக்கூட, குடியேற்றத்தைக் குறிக்கும் 325இலேயே வெள்ளையர் நூலகங்கள் வைத்தன என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அடிமை முறைக்குரிய எண் 326. இவ்விரு எண்களுக்குள்ளே ஓர் இனத்தின் சிந்தனை முழுவதும் அடைபட்டது. கவிதையைக் கவிதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் அவர் பிரித்தடுக்கினார்.

இப்பகுப்பின் அடிப்படையையே மாற்ற முனைந்தவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியரான அவர் 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கே கடையொன்றில், சில உலோகத் துண்டுகளைப் பலவாறு பூட்டி வெவ்வேறு பொம்மைகள் ஆக்கிக் காட்டியதைக் கண்டார். முன்னரே செய்துவைத்த எண்களின் பட்டியலுக்குப் பதிலாக, நூலின் பொருளை உறுப்புக்களாகப் பகுத்து அவற்றைக் கூட்டியே எண்ணை அமைக்கலாம் என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. 'இலங்கையில் 1950களில் நெற்பயிர் நோய்த் தடுப்பு' என்றொரு நூல் இருப்பின், பயிர், நோய், தடுப்பு, இடம், காலம் ஆகியன தனித்தனி உறுப்புக்களாய் எண்ணில் இடம்பெறும். 1933இல் வெளியான இம்முறை, உறுப்புக்களைப் பிரிக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியமையால் 'கோலன் பகுப்பு' எனப் பெயர்பெற்றது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைக்க முற்பட்டோர் 1950களில் ஆலோசனை பெற்றதும் இவரிடமே. அந்நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை வாசகருக்கு நாம் கூறவேண்டியதில்லை.

அரங்கநாதனும் தம் சூழலுக்கு அப்பாற்பட்டவரல்லர். ஆன்மிக அனுபவத்துக்கென அவர் தனியொரு முதன்மை வகுப்பே வைத்தார். முற்போக்காளராகிய நாமும் விலக்கல்லோம். 1960களில் வெளிவந்த சோவியத் பகுப்பின் முதல் வகுப்பு மார்க்சிய லெனினியமே.

டூயி பகுப்பின் பிற்காலப் பதிப்புக்கள், உள்ளூர் இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் முதலிடம் அளிக்க நூலகங்களுக்கு விருப்புரிமை தந்துள்ளன. ஆனால் ஓர் எண்ணை மாற்றுவதெனின், அவ்வகுப்பிலுள்ள ஒவ்வொரு நூலின் முதுகிலும் பட்டியலிலும் மாற்றவேண்டும். அதற்கு ஆளும் பணமும் வேண்டும்.