குளித்தவர்களும் கழுவியவர்களும்

ரோமர்கள் போன இடமெல்லாம் குளியல் மண்டபம் கட்டினார்களே, நம்ம அரிக்கமேட்டில் ஏன் கட்டவில்லை? வாலிபர் கூடுகை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு தம்பி இப்படிக் கேட்டான். எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறோம்.

ஃபர்வானியாவில் ஆகஸ்டு மாதம் குழாயைத் திறந்தாலே வெந்நீர் கொட்டுகிறது. மொட்டைமாடித் தொட்டியின் கைங்கரியம். ரோமர்கள் அதற்குப் பெரிய பாடுபட்டார்கள். சிறு செங்கல் தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் தளம் போட்டார்கள். பக்கத்து அறை அடுப்பின் அனல் தளத்துக்கு அடியில் பரவி, சுவருக்குள் பதித்த பொள்ளல் ஓடுகள் வழியே மேலேறும். பொம்பேயி முதல் இங்கிலாந்தின் பாத் நகரம்வரை இந்தத் தூண்களை இன்றும் பார்க்கலாம். ரோமுக்கு அருகே ஓஸ்தியாவில் ஏறத்தாழ 20 பேர் தடுப்பே இல்லாமல் அருகருகே உட்காரும் கல் கழிப்பறையும் இருக்கிறது. கீழே வாய்க்கால் ஓடியது. கழுவிக்கொள்ளக் குச்சியில் கட்டிய கடற்பஞ்சு!

இத்தனை இருந்தும் வயிற்றுப் புழுக்கள் குறையவில்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் பியர்ஸ் மிட்செல் 2016இல் எழுதினார். குளியல் தொட்டிகளில் தண்ணீரை அடிக்கடி மாற்றாததும், மனிதக் கழிவை வயலுக்கு உரமாக இட்டதும் காரணமாயிருக்கலாம் என்பது அவர் கருத்து.

அடுப்பெரித்தது யார், சாக்கடையில் இறங்கியது யார்? இதற்கு ஒரு கடிதமே சாட்சி. பேதுரு தம் முதலாம் நிருபத்தில் பெயர் சொல்லி எழுதிய பித்தினியா நாட்டுக்கு, கி.பி. 110ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளினி என்பவர் ஆளுநராயிருந்தார். கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிக் கேட்டவர் இவரே. தண்டனை பெற்ற சிலர் வெளியே அரசு அடிமைகளைப்போல் வேலை பார்க்கிறார்களே என்றும் அவர் கேட்டார். தீர்ப்பாகிப் பத்தாண்டுக்கு மேலான முதியவர்களைக் குளியல் மண்டபத்துக்கும் சாக்கடை கழுவவும் சாலை வேலைக்கும் அனுப்பும்படி டிராஜன் பதில் எழுதினார். அந்த வேலைகள் தண்டனைக்கு அதிகத் தூரமில்லையாம்!

தம்பியின் கேள்விக்கு வருவோம். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டியபோது இத்தாலிய மண்பாண்டங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. வடிகாலோடு கூடிய செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. அவை துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டிகள் என்று அவர் கருதினார். அனல் தளம் எதுவும் அகப்படவில்லை. வெயிலூர் என்பதால் அல்ல. சிரியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் கட்டினார்களே. இங்கே அவர்கள் பருவக்காற்றோடு வந்துபோன வியாபாரிகள். மண்டபம் கட்டி நடத்த அதிகாரமும் அடிமைக் கூட்டமும் வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

நம் ஊரின் வழி வேறு. கீழடியில் உறைகிணறுகளும், ஒன்றுக்குள் ஒன்று பொருத்திய சுடுமண் குழாய்களும் வெளிவந்திருக்கின்றன. அந்தக் குழாய் அடைத்தபோது கைவிட்டு எடுத்தது யார் என்று சொல்ல, டிராஜன் எழுதியதைப்போல் ஒரு கடிதமும் நம்மிடம் இல்லை. கையால் மலம் அள்ள ஆளை அமர்த்தக் கூடாது என்று இந்தியாவில் 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொன்றும் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் சென்னையில் சாக்கடைத் தொட்டிக்குள் ஆட்கள் இறங்கி மடிந்திருக்கிறார்கள்.