முடிக்கப்படாத வாக்கியங்கள்: மாண்டன் மோர்லாண்டின் சிரிப்பு

அமெரிக்கக் கறுப்பின நடிகர் மாண்டன் மோர்லாண்டைப் (1902–1973) பற்றி இரண்டு தீர்ப்புகள் உண்டு. தன் இனத்தையே கேலிப்பொருளாக்கிய கோமாளி என்பது ஒன்று. பாவம், வேறு வழியில்லாதவர் என்பது மற்றது. இரண்டுமே அவருடைய கலையைப் பார்க்க மறுக்கின்றன என்கிறேன் நான்.

லூசியானாவில் பிறந்தவர், வோட்வில் மேடையில் தேர்ந்தவர். பாட்டு, ஆட்டம், நகைச்சுவைத் துண்டு என்று அடுத்தடுத்து வரும் கதம்ப மேடை அது. கறுப்பின மேடைகளில் மில்லர்–லைல்ஸ் இரட்டையர் வளர்த்த உரையாடல் வடிவம் ஒன்று மோர்லாண்டின் அடையாளமானது. ஒருத்தர் வாக்கியத்தை ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் மற்றவர் பதில் சொல்லிவிடுவார். 'அவன் இப்ப வேலை பாக்குறது...' 'அங்கேயா? அதைத்தான் மூடிட்டு...' இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிற ரெண்டு பேருக்கும் எல்லாம் புரியும். வெளியாளுக்குத்தான் ஒண்ணும் பிடிபடாது. ஒடுக்கப்பட்டவர்களின் மொழி இது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஹாலிவுட் அவரிடம் வாங்கியது விழி பிதுங்கும் பயத்தை. 1944 முதல் 1949 வரை சார்லி சான் படங்களில் அவர் காரோட்டி பர்மிங்ஹாம் பிரவுன். சீனத் துப்பறிவாளராக வேடமிட்டவர்களோ வெள்ளையர்கள்! ஆனாலும் 'தி ஸ்கார்லெட் க்ளூ' (1945) படத்தில் பென் கார்ட்டரும் அவரும் அந்த உரையாடலைத் தொடங்கும்போது துப்பறியும் கதை ஒதுங்கி நிற்கிறது. ஸ்டூடியோவின் பிரதிக்குள் வேறொரு பிரதி ஓடுகிறது.

இத்தகைய வேடங்களை எதிர்த்து வால்டர் வைட் 1942இல் ஸ்டூடியோக்களிடம் பேசினார். கோரிக்கை நியாயமானது. ஸ்டூடியோக்கள் செய்ததென்ன? வேலைக்கார வேடங்கள் நாளடைவில் குறைந்தன. எழுதும் இடமும் இயக்கும் இடமும் வெள்ளையரிடமே இருந்தன. மோர்லாண்டுக்குப் பட வாய்ப்பு வற்றியது.

1957இல் நியூயார்க்கில் முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டு பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' மேடையேறியது. எஸ்ட்ரகான் மோர்லாண்ட். முந்தைய ஆண்டு அதே வேடத்தைச் செய்த பெர்ட் லாரும் வோட்வில்காரர்தான், வெள்ளையர். பாதியில் அறுந்து தொடரும் பேச்சு மோர்லாண்டுக்குப் புதுசில்லை. நாடகம் ஒரு வாரம்கூட ஓடவில்லை.

பிம்பங்களை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வேடத்துக்குள் கூலிக்கு நின்றவன் எந்த மேடையிலிருந்து, எந்த வித்தையோடு வந்தான் என்று கேட்காத எதிர்ப்பு, ஸ்டூடியோ எழுதிய வேடத்தையே அவனுடைய வரலாறாக ஏற்றுக்கொண்டுவிடுகிறது.