டூக்கோ அடிச்சாச்சா?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் பானெட்டைக் கவனியுங்கள். கொஞ்சம் வயசான வண்டி என்றால் நெற்றியில் விபூதி பூசிய மாதிரி வெளுத்திருக்கும். கீழே எஞ்சின் சூடு, மேலே சித்திரை வெயில். போதாக்குறைக்கு சிமென்ட் தூசி. அது ராத்திரிப் பனியில் நனைந்தால், காரம் ஏறி பெயிண்ட்டை அரிக்க ஆரம்பித்துவிடும்.

வண்டிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே அதைச் சரி பண்ணக் கிளம்புவார். பெயிண்ட் கடைப் பெரியவர் கேட்பார்: ‘டூக்கோதானே?’

அது என்ன டூக்கோ? அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி தன் பெயிண்ட்டுக்கு வைத்த பெயர். அதன் பூர்வீகம் பெயிண்ட் கடை அல்ல, வெடிமருந்துக் கிடங்கு!

1910-களில் காரைச் செய்வதைவிட அதற்கு வர்ணம் பூசுவதுதான் பெரும்பாடு. பிரஷ்ஷால் ஒரு கோட், காய வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி ஒரு கோட், மேலே வார்னிஷ். மூன்று நாலு வாரம் ஓடிவிடும். அதுவரை கார்களை எங்கே நிறுத்துவது? ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல்-டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றார் அல்லவா, அதற்குக் காரணம் ரசனை இல்லை சுவாமி. சூளையில் வைத்தால் சீக்கிரம் காய்கிற மலிவான எனாமல் அவர் கையில் கறுப்பில்தான் இருந்தது.

முதல் உலகப் போர் முடிந்தது. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸை வெடிமருந்துக்காக டன் டன்னாகத் தயாரித்த டூபான்ட்டுக்கு இப்போது வேறு பிழைப்பு வேண்டும். ஆம், பெரம்பலூர்க் கரிசலில் விளைகிறதே, அதே பருத்திதான் மூலப்பொருள். 1920 ஜூலையில், நியூ ஜெர்ஸியின் பார்லினில், ஒரு பீப்பாய்க் கரைசல் சில நாள் கவனிப்பாரின்றி வெயில் சூட்டில் கிடந்ததாம். திறந்தால், கூழாக இருந்தது பாகாக இளகியிருக்கிறது! அதில் நிறைய வர்ணப்பொடி சேர்த்து விசிற முடிந்தது. அதுதான் டூக்கோ. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் வந்து நின்றது. வாரக்கணக்கு, மணிக்கணக்காகச் சுருங்கியது.

வெயில் கொடுத்த பெயிண்ட்டுக்கு வெயிலே எமன். புற ஊதாக்கதிர் பட்டுப்பட்டு, வர்ணப்பொடியைப் பிடித்துவைத்திருக்கும் பசை அறுந்துபோகிறது. விரலால் தடவினால் ஒட்டுகிறதே வெள்ளைப் பொடி, அது அநாதையான வர்ணம். பழைய டூக்கோவில் ஒரு சௌகரியம், பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அடியிலிருந்து பளபளப்பு எட்டிப் பார்க்கும்.

1980-களுக்குப் பிறகு பரவிய முறை வேறு. வர்ணம் ஓர் அடுக்கு, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். அது போனால் சின்ன வெங்காயத் தோலாட்டம் உரியும். பாலிஷ் எல்லாம் பலிக்காது. வாட்டர் பேப்பரில் தேய்த்து, விளிம்பு தட்டாமல் மழுக்கி, பிரைமர், வர்ணம், கிளியர் என்று முதலிலிருந்து வர வேண்டியதுதான். உச்சிவெயிலில் மட்டும் அடிக்காதீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே மாட்டிய தின்னர் கொப்புளமாகக் கிளம்பும்.

கையடக்க ஸ்ப்ரே டப்பா இருக்கவே இருக்கிறது. 1949-ல் எட்வர்ட் சீமோர் என்ற அமெரிக்கர், மனைவி சொன்ன யோசனைப்படி செய்தது. சின்ன இடத்துக்கு அது போதும், திறந்தவெளியில்.

வம்பு எங்கே என்றால், நீடித்து உழைக்கட்டும் என்று ஹார்டனர் கலக்கும் ‘டூ-கே’ கிளியரில். பெரும்பாலான ஹார்டனர்களில் இருப்பது ஐசோசயனேட். 1984 டிசம்பரில் போபாலைக் கொன்ற மீதைல் ஐசோசயனேட்டின் வம்சம். இரண்டும் ஒன்றல்ல, இது அவ்வளவு லேசில் ஆவியாகாது. ஆனால் விசிறும்போது துளித்துளியாக நுரையீரலுக்குள் போய்விடும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், அப்புறம் துளி பட்டாலே மூச்சு இழுக்கும். கைக்குட்டை இதைத் தடுக்காது. வெளிநாட்டுப் பட்டறைகளில் இதற்கென்றே குழாய் வழியாக நல்ல காற்று தரும் கவசம் மாட்டுகிறார்கள்.

டப்பா லேபிளில் அந்தப் பெயர் இருந்தால், பானெட்டைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் நாலு போல்ட்தான். அங்கே பெயிண்டர் தம்பியின் மூக்கில் என்ன கட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். அநேகமாக அதே கைக்குட்டைதான்.