பீப்பாயில் ஏறி வந்த காட்டு ஈஸ்ட்

வங்கிக்காரன் எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் கண் முதலில் கடன் கணக்கில்தான் போய் நிற்கும். இந்தியா பேல் ஏல் என்ற பீரின் கதையிலும் எனக்கு முதலில் பிடிபட்டது பார்லியும் இல்லை, ஹாப்ஸும் இல்லை. 18 மாதத் தவணை.

லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் 1752ல் பீர் காய்ச்ச ஆரம்பித்தார். பெரிய ஆலை ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே பிளாக்வால். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வந்து நிற்கிற இடம். அந்தக் கப்பல் கேப்டன்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் சரக்கு ஏற்றிக்கொண்டு போய் விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு. பன்றித் தொடை, சீஸ், கண்ணாடிச் சாமான், தொப்பி, பீர், எல்லாம் அதில் அடக்கம். ஹாட்ஜ்சன் அவர்களுக்குப் பீப்பாய்களைக் கடனுக்குக் கொடுத்தார். கப்பல் போய், சரக்கு விற்று, திரும்பி வந்த பிறகு பணம் கட்டினால் போதும். நடுவில் கப்பல் மூழ்கலாம், கேப்டன் காய்ச்சலில் போகலாம். இன்றைக்கு இப்படி ஒரு புரபோசலை எங்கள் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினால் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் :-)

ஆனால் அது பலித்தது. 1790களிலேயே கல்கத்தாவில் ஹாட்ஜ்சன் பீருக்கு விளம்பரம் வந்துவிட்டது. நான் இப்போது வேலை பார்க்கும் கிளையிலிருந்து ஸ்ட்ராண்ட் ரோடு நடந்து போகிற தூரம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சில நாள் அந்தப் பக்கம் போய் ஹூக்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்தக் கரையில்தான் அந்தப் பீப்பாய்கள் இறங்கின. பல கப்பல்கள் முதலில் நம் மெட்ராஸில் நின்றுவிட்டுத்தான் வங்காளத்துக்கு வந்தன. மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில் சரக்கை ஏற்றி, அலைக்குள் புகுந்து நம் ஆட்கள் கரை சேர்ப்பார்கள்.

ஹாட்ஜ்சன் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குப் பேராசை வந்தது. 1820களின் ஆரம்பத்தில் கடன் வசதியை நிறுத்தினார்கள், விலையை ஏற்றினார்கள், கேப்டன்களை ஒதுக்கிவிட்டு நாமே அனுப்பி விற்போம் என்று கிளம்பினார்கள். கம்பெனிக்காரர்களுக்கு எரிச்சல். அதே சமயம் பர்ட்டன் ஊரில் சாமுவேல் ஆல்சாப் என்ற பீர் வியாபாரிக்கு ரஷ்யா 1822ல் வரியை ஏற்றியதால் பால்டிக் வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனி டைரக்டர் கேம்ப்பெல் மார்ஜரிபாங்க்ஸ் அவரிடம் ஹாட்ஜ்சன் பீர் ஒரு பாட்டிலைக் கொடுத்து, இதே மாதிரி உம்மால் முடியுமா என்று கேட்டாராம். ஆல்சாப்பின் ஆள் ஒருவர் டீ கெட்டிலில் காய்ச்சிப் பார்த்தார் என்று ஒரு கதை. கெட்டில் நிஜமோ என்னவோ, பர்ட்டன் தண்ணீர் நிஜம். அதில் ஜிப்சம் அதிகம். வெளிர் நிறக் கசப்பு பீருக்கு லண்டன் தண்ணீரைவிடத் தோதானது. பத்து வருடத்துக்குள் அதே ஊரின் பாஸ் கம்பெனி எல்லாரையும் தாண்டிவிட்டது. பாஸின் சிவப்பு முக்கோணம்தான் 1876ல் பிரிட்டனில் பதிவான முதல் டிரேட்மார்க்.

இங்கே ஒரு கட்டுக்கதையைத் தட்டிவிட வேண்டும். கடல் பயணத்தில் கெடாமல் இருக்கவே ஹாட்ஜ்சன் ஹாப்ஸை அள்ளிப்போட்டு இந்தப் பீரைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்படி இல்லை. ஹாப்ஸ் தூக்கலாகப் போட்டு, ஒன்றிரண்டு வருடம் பீப்பாயில் வைத்துக் குடிக்கிற வெளிர் பீர் இங்கிலாந்துப் பண்ணையார் வீடுகளில் முன்னமே இருந்தது. அதைத்தான் கப்பலில் ஏற்றினார்கள். சாதாரணச் சிப்பாய் குடித்தது கறுப்பு போர்ட்டர். அதுவும் இந்தியாவுக்கு நன்றாகவே வந்து சேர்ந்தது. பேல் ஏல் அதிகாரிகளின் பானம்.

கண்டுபிடித்தவர் ஹாட்ஜ்சன் இல்லை என்றால், அந்தப் பீருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது யார்? கடலும், ஒரு காட்டு ஈஸ்ட்டும் என்று சொல்வேன். லண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர நாலு முதல் ஆறு மாதம். வழியில் இரண்டு முறை பூமத்திய ரேகை. கப்பலின் அடித்தளத்தில் மரப்பீப்பாய் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும். பீர் ஆலையில் போடுகிற ஈஸ்ட் எளிய சர்க்கரையைத் தின்றுவிட்டு ஓய்ந்துவிடும். மரத்தின் இண்டு இடுக்கில் குடியிருக்கும் பிரெட்டானோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட்டுக்கு அவசரமே கிடையாது. மற்றது விட்டுவைத்த கடினமான சர்க்கரையையும் மாதக்கணக்கில் மென்று தீர்க்கும். ஓய்வூதியக்காரர் பேப்பர் படிக்கிற மாதிரி, ஒரு வரி விடாமல். அதனால் பீரில் இனிப்பு துளியும் மிஞ்சாது, நுரை ஏறும், ஒரு விசித்திர வாசனையும் சேரும். அன்றைக்கு யாருக்கும் அதன் பெயர் தெரியாது. லண்டன் பீரை விடக் கல்கத்தாவில் குடிப்பது தேவலை என்று மட்டும் தெரிந்திருந்தது.

அந்த வாசனை எப்படி இருக்கும் என்று எனக்கும் ஒரு ஆசை. சித்தப்பா மகன் பிரசல்ஸில் வேலை பார்க்கிறான். போன லீவுக்கு வந்தபோது ஓர்வல் என்ற பீர் இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். பெல்ஜியத்தில் கிறிஸ்தவத் துறவிகளின் மடம் அது. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் 1793ல் கொளுத்திவிட்டுப் போன மடத்தை 1926ல் திரும்பக் கட்ட ஆரம்பித்து, செலவுக்குப் பணம் வேண்டும் என்று 1931ல் பீர் ஆலை தொடங்கினார்கள். மீன் வாயில் மோதிரம் கவ்வியிருக்கும் லேபிள். முதலில் சாதா ஈஸ்ட்டில் நொதிக்க வைத்து, பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டானோமைசஸைச் சேர்க்கிறார்கள்.

ஊற்றினால் ஆரஞ்சு நிறம், நுரை டம்ளரை விட்டு வெளியே வருகிறது. முதல் முகர்தலில் காய்ந்த வைக்கோல். அப்புறம் புதுச் செருப்பின் தோல். நார்த்தங்காய்த் தோல். கடைசியில், சந்தேகமே இல்லாமல், மாட்டுக்கொட்டில்.

"அண்ணே, ஐரோப்பாவுல இந்த வாசனைக்குத்தான் காசு கொடுக்காங்க" என்றான் தம்பி.

என் மனைவி எட்டி முகர்ந்துவிட்டு, "எங்க தாத்தா வீட்டுத் தொழுவத்துல இது சும்மாவே கிடைக்குமேங்க" என்றாள். வாயில் வைத்தால் ஆச்சரியம், அந்த நாற்றம் பின்னுக்குப் போய்விடுகிறது. துளி இனிப்பில்லை. கசப்பு நேராக நாக்கின் அடிவரை இறங்குகிறது. மே மாதக் கொல்கத்தாப் புழுக்கத்தில் இதை ஏன் துரைமார் விரும்பினார்கள் என்பது அரை டம்ளரில் புரிந்துவிட்டது.

இந்தக் காட்டு ஈஸ்ட்டைத் துரத்தியதும், பிறகு அதற்குப் பெயர் வைத்ததும் ஒரே கம்பெனி. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்ஸன் 1883ல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்து வளர்த்து, அதை மட்டும் வைத்துப் பீர் காய்ச்ச வழி செய்தார். பெரிய சாதனை, மறுக்கவில்லை. அதற்கு முன் ஆலை ஆலையாகப் பீர் கெட்டுப்போய்ச் சாக்கடையில் கொட்டினார்கள். ஆனால் அன்றிலிருந்து ஒரு ஈஸ்ட் நல்லது, மற்றதெல்லாம் அழுக்கு என்றாகிவிட்டது. அதே கார்ல்ஸ்பெர்க்கில் வேலை பார்த்த நீல்ஸ் கிளாசன் 1904ல் லண்டனுக்கே போய், உங்கள் பழைய பீப்பாய் பீரின் குணத்துக்குக் காரணம் இதோ இந்த ஈஸ்ட்தான் என்று பீர்க்காரர்கள் முன்னால் எடுத்துச் சொன்னார். பிரெட்டானோமைசஸ் என்றால் பிரிட்டிஷ் பூஞ்சை என்று அர்த்தம். ஆனால் பிரிட்டனில் வருடக்கணக்கில் பீப்பாயில் வைத்து விற்கிற பழக்கமே அப்போது போய்க்கொண்டிருந்தது. முதல் போடுகிறவனுக்குப் பணம் ஒரு வருடம் மரத்துக்குள் முடங்கிக் கிடந்தால் கட்டுமா? அந்த மணத்தைக் காப்பாற்றி வைத்தவர்கள் பெல்ஜியத்துக்காரர்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு உடன்குடிப் பக்கத்துப் பனங்காடுதான் கண்ணில் நின்றது. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதனீர். தடவாமல் விட்டால் காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் காட்டு ஈஸ்ட் வேலையை ஆரம்பித்து, இறக்கும்போதே கள். யாரும் எதையும் கலக்க வேண்டாம். எங்கள் ஆச்சி பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவர். சுண்ணாம்பு குறைந்த பதனீரை முகர்ந்தே சொல்லிவிடுவார். அது பாகு இறுகாது. எந்த ஆய்வகமும் இல்லாமல் ஈஸ்ட்டை நிறுத்தவும் ஓடவிடவும் தெரிந்த பனையேறிகளின் தொழிலைத் தமிழ்நாட்டில் 1987 முதல் பாதிக்கு மேல் முடக்கிவிட்டோம். கள் இறக்கினால் குற்றம். ஆலையில் வடித்த பிராந்தி அரசுக் கடையில் கிடைக்கும். குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. குடியால் கடன் அடைக்க முடியாமல் போன குடும்பங்களை மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பேசியவன் நான். ஆனாலும் இதில் எந்தக் கணக்கும் எனக்கு நேராகவில்லை.

இங்கே குளிர்காலத்தில் ஈச்சமரத்தில் இறக்கும் ரஸம் விற்பார்கள். நொலேன் குட் வெல்லம் இதைக் காய்ச்சித்தான். நதியா மாவட்டத்துக்காரரான எங்கள் ஹெட் கேஷியர் சொன்னது: விடிகாலையில் குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் அது தாடி, நம் கள். மரத்தில் கட்டும் பானையை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று கேட்டேன். சுண்ணாம்புதான் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். கழுவி, கவிழ்த்து வைத்து, வைக்கோல் புகை போடுவார்களாம்.