ஓட்டை உடைசலா ஒரு செர்னோபில்

2007 மார்ச்சில வந்த 'ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்' கேம் பத்திப் பேசினா ரெண்டே கோஷ்டிதான். ஒண்ணு 'பக் மூட்டை'ங்கும், இன்னொண்ணு 'இது மாதிரி வராது'ங்கும். ரெண்டுமே நிஜம்ங்கறதுதான் விசேஷம்.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1986 ஏப்ரல் 26 அதிகாலை. அப்ப சோவியத் யூனியன்ல இருந்த உக்ரைன்ல, செர்னோபில் அணுமின் நிலையத்தோட நாலாவது உலை வெடிச்சது. ஊழியர்களுக்காகவே கட்டின ஊர் பக்கத்துல இருந்த பிரிப்யாத். மறுநாள் மதியம் சுமார் 49,000 பேரை பஸ்ல ஏத்தினாங்க. சில நாள்ல வந்துடலாம்னு நம்பிக் கிளம்பின சனம்... குடியிருக்கத் திரும்பவே இல்லை.

அங்கேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர் தெற்கே கீவ் நகரம். அங்க இருந்த ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட் கம்பெனி 2001ல இந்த கேமை அறிவிச்சுது. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களோட 'ரோட்சைட் பிக்னிக்' (1972) நாவலும், அதை வச்சு தார்க்கோவ்ஸ்கி எடுத்த 'ஸ்டாக்கர்' (1979) படமும்தான் தூண்டுதல். ஆனா ஊர் நிஜம். டீம் தடைப் பகுதிக்குள்ள போய் போட்டோ எடுத்துட்டு வந்துச்சு. பிரிப்யாத்தோட ராட்டினம், அடுக்குமாடி வீடுகள் எல்லாம் கேமுக்குள்ள வந்துச்சு. கற்பனை என்னன்னா, 2006ல அங்க இன்னொரு வெடிப்பு. அதுக்கப்புறம் பூமியே பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுது.

சரி, ஓட்டை எங்க? 'ஏ-லைஃப்'னு ஒரு சிஸ்டம். நீங்க இல்லாத இடத்துலயும் மிருகங்களும் மனுஷங்களும் தன் பாட்டுக்குத் திரியணும், சண்டை போடணும், சாகணும். பொட்டி தட்டறவங்களுக்குத் தெரியும், இப்படி ஒரு டிசைனை டெஸ்ட் பண்றது எவ்வளவு கஷ்டம்னு :-) ரிலீஸ் தள்ளித் தள்ளி ஆறு வருஷம் ஆச்சு. நடுவுல, 2003ல ஒரு அரைகுறை வெர்ஷன் வெளிய கசிஞ்சது. ஓட்டறதுக்கு வச்சிருந்த வண்டிகளைக் கடைசியில தூக்கிட்டாங்க. இவ்வளவுக்கப்புறமும் கேம் நின்னு போகும், ஆரம்பத் துப்பாக்கி குறி வச்ச இடத்துல சுடாது.

ஆனா ராத்திரி மழையில, ஆளில்லாத ரோட்டுல, தூரத்துல எங்கயோ துப்பாக்கிச் சத்தம் கேக்கும். அது உங்களுக்காகப் போட்ட சீன் இல்லை. யாரோ யாரையோ சுடறாங்க, அவ்வளவுதான். அந்த உலகத்துக்கு நீங்க ஒரு பொருட்டே இல்லை. பக் வந்த இடமும் அதுதான், மாயம் வந்த இடமும் அதுதான்.

அப்புறம் நிஜமே கேமை முந்திடுச்சு. 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை அந்த அணுமின் நிலையத்தையே பிடிச்சது, மார்ச் கடைசி வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. ஜிஎஸ்சி டீம்ல ஒரு பகுதி பிராகுக்குக் குடிபெயர, மீதிப் பேர் உக்ரைன்லயே இருந்தாங்க. ரெண்டாம் பாகம் 2024 நவம்பர்ல வந்தப்பவும் அதே ஏ-லைஃப்தான் சொதப்பல்னு திட்டு வாங்குச்சு!

தலைப்புல மட்டும் ஒரு எழுத்து மாறிடுச்சு. முதல் பாகத்துல இருந்தது 'செர்னோபில்', ரஷ்ய உச்சரிப்பு. இப்ப 'சோர்னோபில்', உக்ரைன் உச்சரிப்பு. பக்கை எல்லாம் அப்புறம் பேட்ச் போட்டு சரி பண்ணிக்கலாம். ஊர் பேரை முதல்ல சரி பண்ணிட்டாங்க.