ஜனதா காலனி தந்த தலைவர்

கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். தச்சுத் தொழில் கற்ற அவர், 1960-களில் பம்பாய் சென்று ஜனதா காலனி என்னும் குடிசைப் பகுதியில் குடியேறினார். அங்கே குப்பை மலையாய்க் குவிந்தது, அள்ளுவார் இல்லை. பிள்ளைகளைத் திரட்டினார், குப்பைப் பொட்டலங்கள் நகராட்சி அலுவலக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன! அதன் பின்னரே குப்பை அள்ள வழி பிறந்தது.

ஆயினும் 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், காலனி தரைமட்டமாயிற்று. வழக்காடியும் பயனில்லை. மக்கள் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டனர்.

வீடுகள் வீழ்ந்தன, ஒற்றுமை வீழவில்லை. அவர் உருவாக்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பல நகரங்களுக்குப் பரவியது. 1986-இல் தோன்றிய மகிளா மிலன் வழியாக நடைபாதைவாழ் பெண்கள் சிறுகச் சிறுகச் சேமித்து, வீடு கேட்கும் துணிவு பெற்றனர்.

2018-இல் அவர் மறைந்தார். பகுதி மக்களே முன்வந்தால்தான் பகுதி உயரும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.