தகடூரிலிருந்து புகார் வரை

தருமபுரி மாவட்டத்திற்குக் கடல் இல்லை. ஆயினும், குடகு மலையில் பிறந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் காவிரி, தமிழகத்துள் நுழையும் வாயிலாக ஒகேனக்கல்லைக் குறிப்பது வழக்கம். அவ்வாறு கடலொடு கூடும் இடத்தில் இருந்த பெருநகரமே காவிரிப்பூம்பட்டினம் எனப்படும் புகார். விடுமுறை நாள்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரை ஊரொன்றைக் காணப் புறப்படும் தருமபுரிக் குடும்பத்தினர்க்குப் பல பட்டினங்கள் நினைவுக்கு வரலாம். ஆயினும், அவர்தம் ஆற்றின் மறுமுனையாகிய புகாரே அவர்களுக்கு மிக நெருங்கிய ஊர். அங்கே எவற்றைக் காண்பது, எவ்வாறு காண்பது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆறு சிறுத்த கதை

ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்து விழும் காவிரியைப் பரிசலில் இருந்து கண்ட பிள்ளைகள், பூம்புகாரில் அவ்வாறு கடலில் கலக்கும் இடத்தைக் கண்டால் ஏமாற்றமே கொள்வர். அங்குக் காவிரி ஒரு சிறு கால்வாய் அளவினதாகவே செல்கிறது. 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே பிரிந்து பெருவெள்ளத்தைச் சுமந்து செல்லும் கொள்ளிடம், கல்லணையில் தொடங்கும் கிளையாறுகள், அவற்றினின்று பிரியும் எண்ணற்ற வாய்க்கால்கள் ஆகியவற்றுக்கெல்லாம் தன்னைப் பங்கிட்டுக் கொடுத்த பின் எஞ்சியதே கடலைச் சேர்கிறது. இந்த ஏமாற்றம் வீணானதன்று. இச்சிறு நீரோட்டமா ஒரு துறைமுகத்தைத் தாங்கியது என்று பிள்ளைகள் வினவும்போதே வரலாற்றுப் பாடம் தொடங்கிவிடுகிறது.

மூவகைச் சான்றுகள்

புகாரைப் பற்றி நமக்குக் கிடைப்பவை மூவகைச் சான்றுகள். முதலாவது, இலக்கியம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, நிலத்திலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து நிலத்திற்கும் மாறிச் சென்ற பண்டங்களையும், அவற்றின் மீது புலிப்பொறி இட்ட சுங்க அலுவலரையும் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் முதற்காண்டம் இந்நகரின் பெயரையே தாங்கி நிற்கிறது. மணிமேகலையோ, சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தமையால் நகரைக் கடல் கொண்டது எனக் கூறுகிறது. அயலாரும் இந்நகரை அறிந்திருந்தனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி குறிப்பிடும் கபேரிஸ் என்னும் வணிகத் துறை இதுவே என அறிஞர் கொள்வர்.

இரண்டாவது, மண்வெட்டி தந்த சான்று. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை இங்கு அகழ்வாய்வு மேற்கொண்டது. கீழையூரில் செங்கல்லால் கட்டப்பட்ட படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகுகளைக் கட்டுதற்கென நடப்பெற்ற மரத்தூண்களும் உடன் கிடைத்தன. அம்மரத்தைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, அத்துறை கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனத் தெரியவந்தது. வானகிரியில் செங்கற் கட்டுமானமுள்ள நீர்த்தேக்கமும், பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரையின் அடித்தளமும் கற்பலகையில் செதுக்கிய புத்தபாதமும் கிடைத்தன. பௌத்தத் துறவியான புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரை ஒன்றில் தங்கிப் பாலி மொழியில் நூல் இயற்றினார் என்ற செய்திக்கு இவ்விகாரை துணைநிற்கிறது.

மூன்றாவது, கடலடி ஆய்வு. 1990களின் தொடக்கத்தில் கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் பூம்புகாரை ஒட்டிய கடலில் முறையாகத் தேடினர். கரையை ஒட்டிய பகுதியில் உறைகிணறுகளும் செங்கற் கட்டுமானங்களும் காணப்பட்டன. கடலுள் சற்றுத் தொலைவில், ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் தென்பட்ட அமைப்புகள் மனிதர் கட்டியவைதாமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பூம்புகாருக்குச் செல்வோர் பெரும்பாலும் கண்டு மகிழ்வது, 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையே. அது காப்பியத்திற்கு இக்காலத்தார் எடுத்த அழகிய நினைவகம்; பழம்புகாரின் எச்சமன்று. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்காமல் திரும்பும் குடும்பத்தினர், கண்ணகியின் கதையைக் கண்டவராவர். கண்ணகியின் ஊரைக் கண்டவராகார். கீழையூரில் பள்ளத்துள் கிடக்கும் அச்செங்கல் வரிசை கண்ணுக்கு எளியது. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்விடத்தில் படகு வந்து நின்றது என ஐயமின்றிச் சுட்டிக்காட்ட அதுவே போதுமானது.

கடல் கொள்ளும் காட்சி

நகரைக் கடல் கொண்டது என்று காப்பியம் கூறுவதன் பொருளை விளங்கிக்கொள்ளத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடிக்குச் செல்லுதல் வேண்டும். 1306ஆம் ஆண்டைச் சேர்ந்த மாறவர்மன் குலசேகர பாண்டியனின் கல்வெட்டு, இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620இல் உரிமை பெற்ற டேனியர் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் பயின்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றனர். புகாரைப் போலன்றி, இவ்வூர்க்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆண்டு சொல்ல முடிகிறது.

இங்கு கல்வெட்டைத் தாங்கிய மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டுவிட்டது. பாண்டியன் காலத்தில் கரைக்கு உள்ளே நின்ற கோயில், இன்று அலையின் வாயிலேயே நிற்கிறது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிலத்தைத் தின்னும் கடல், ஒரே நாளிலும் பேரழிவு செய்ய வல்லது என்பதை 2004 திசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்கடற்கரை முழுவதற்கும் உணர்த்திச் சென்றது. புகாரை ஒரே நாளில் கடல் விழுங்கியதா, பல தலைமுறைகளாக அரித்ததா என்னும் வினாவிற்கு இவ்விரு காட்சிகளும் விடையாகா. ஆயினும், சாபக் கதையின் பின்னால் கடற்கரை மக்கள் கண்கூடாகக் கண்ட துயரம் ஒன்று இருந்திருக்கக்கூடும் என்பதை அவை உணர்த்துகின்றன.

உப்பு வண்டியின் வழி

இனி, இக்கடற்கரைக்கும் உள்நாட்டுத் தகடூர்க்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். இன்றைய தருமபுரியே சங்க காலத் தகடூர். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனைப் பாடியவர் ஔவையார். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் ஓர் உவமை கூறுகிறார். உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான நெடுவழியில் அச்சு முறிந்தால் உதவட்டும் என்று, வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் செல்வர். இளவரசன் நாட்டிற்கு அச்சேம அச்சுப் போன்றவன் என்பது அவர் கருத்து.

உமண் வண்டியின் அடியில் கட்டிய அச்சைக் கேட்போர் அறிந்திருந்தாலன்றி இவ்வுவமை பொருள் தராது. கடல் இல்லாத நாட்டில் கடற்கரையின் உப்பு வண்டி பழகிய காட்சியாய் இருந்தது என்பது இதனால் பெறப்படும். பட்டினப்பாலையும் உப்பை விற்று அதற்கு ஈடாக நெல் கொண்டு திரும்பும் படகுகளைக் காட்டுகிறது. வயலும் மலையும் தந்தவற்றைக் கடற்கரை பெற்றது. கடற்கரை தந்த உப்பை மலைநாடு உண்டது. துறைமுகம் என்பது கப்பல் வந்த இடம் மட்டுமன்று. வண்டி வந்த இடமுமாகும். விடுமுறைக்குப் புகார் செல்லும் தருமபுரிக் குடும்பத்தினர், உமணர் வந்த திசை நோக்கியே பயணம் செய்கின்றனர்.

இரு நகரங்களின் அழிவு

புகாரைக் கடல் கொண்டது. தகடூரைப் போர் கொண்டது. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றமையை, அரிசில் கிழார் பாடிய பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து போற்றுகிறது. அப்போரைப் பற்றிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு முதலிய நூல்களின் வழியாகச் சில பாடல்களே எஞ்சியுள்ளன. அதியமானின் பெயரைக் கல்லில் தாங்கிய சம்பைக் கல்வெட்டு 1981இல் திருக்கோவலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. அது அவனைச் சதியபுத்தன் என்று குறித்தமையால், அசோகனின் கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாள் ஐயம் தீர்ந்தது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து இப்போது கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில், கி.மு. 2172ஐச் சார்ந்த காலத்திலேயே இரும்பு வழங்கியது என்னும் கணிப்பு 2022இல் வெளியிடப்பட்டது. மேட்டுநிலத்து வரலாறு துறைமுகத்து வரலாற்றினும் இளையதன்று என்பதற்கு இஃதொன்றே சான்று.

எனினும், பூம்புகார்க்குப் பேருந்து நிறையச் செல்லும் நம் மக்களுள், தருமபுரி நகரிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டியவர் சிலரே. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் இறந்த எளிய வீரர்களின் கற்கள் அவை. வட்டெழுத்தில் பெயர் பொறித்த அக்கற்கள் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் இன்னும் நிற்கின்றன. சில துணி துவைக்கும் கல்லாகவும் படிக்கல்லாகவும் தேய்கின்றன. புகாரை அழித்த கடலைத் தடுக்க எவராலும் இயலவில்லை. இக்கற்கள் தேய்வதைத் தடுக்கக் கடலோடு போராட வேண்டுவதில்லை. ஊரார் கண் திறந்தாற் போதும்.

கடற்கரை நகரைக் கண்டு திரும்பும் குடும்பத்தினர் கிளிஞ்சலும் சங்கும் கொண்டுவருதல் இயல்பு. அவற்றோடு, பாட்டு எது, செங்கல் எது, நம்பிக்கை எது எனப் பிரித்தறியும் பழக்கத்தையும் பிள்ளைகள் கொண்டுவருவாராயின், அவர்கள் தம் ஊர் ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் கல்லையும் ஒருமுறை நின்று நோக்குவர். அன்றே அப்பயணம் நிறைவுறும்.